நாலரை மணி நேரம்

எனக்குக் கணக்கு வரும். இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு காலத்தில் எனக்கு அவ்வளவு திமிர். ஏழாம் வகுப்பு படிக்கும்போதே பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்பு அண்ணனுக்குத் தூரமும் வேகமும் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த அண்ணன் அதற்கப்புறம் என்னைத் தெருவில் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு போய்விடும். தெருவில் யாருக்காவது எதையாவது கணக்குப் பார்க்க வேண்டுமென்றால், "மில்காரர் வீட்டுச் சின்னதைக் கூப்புடு" என்பார்கள். நானும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவேன். அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு நெல்லித்தோப்பில். அப்பா மில்லில் தறி ஓட்டினார். அம்மா, அப்பா, அக்கா, நான், அவ்வளவுதான் வீட்டில். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது, நான் அடம் பிடித்தால் முதுகில் ஒன்று வைத்தது, அம்மாவிடம் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்தது எல்லாம் அக்காதான். அம்மா வீட்டு வேலையில் எந்நேரமும் முதுகு வளைந்தே இருந்ததால், நான் நிமிர்ந்து பார்த்த முகம் அக்காவுடையது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், அவர்களுடைய ராணுவத்தில் வேலை பார்ப்பவர்களைச் சொல்தா என்போம். எங்கள் தெருவிலேயே இரண்டு சொல்தா வீடு இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் பென்சில் பெட்டியே வேறு மாதிரி வாசனை அடிக்கும். அப்பாவின் ஒன்றுவிட்ட உறவில் அப்படி ஒரு சொல்தா பையன் மூன்று மாத லீவில் வந்தார். வந்தார், பெண் பார்த்தார், ஆவணியில் கல்யாணம் முடிந்தது, ஒரு மாதத்தில் திரும்பிப் போய்விட்டார். காகிதமெல்லாம் சரியாகி அக்கா கிளம்பத் தை மாதம் ஆகிவிட்டது. அது எழுபத்தெட்டாம் வருஷம். விழுப்புரத்தைத் தாண்டாத அக்கா தனியாக மெட்ராஸில் ஏறி, பம்பாயில் மாறி, பாரீசில் மறுபடி மாறி, மர்சேய் என்கிற ஊரில் இறங்க வேண்டும். அங்கே மாமா வந்து நிற்பார்.

"எவ்ளோ தூரம்டி இருக்கும்?" என்று அப்பா என்னைத்தான் கேட்டார். பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்து, அம்மாவின் தையல் டப்பாவில் இருந்து ஒரு நூலை அறுத்து, மெட்ராஸில் ஒரு நுனியை வைத்து மர்சேய் வரைக்கும் இழுத்துப் பிடித்தேன். அளந்து, பெருக்கி, "எட்டாயிரம் கிலோமீட்டர் வரும்பா" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுல இருந்து மில்லு ரெண்டு கிலோமீட்டரு. போவ ரெண்டு, வர ரெண்டு. தெனம் நாலு. அப்ப எட்டாயிரம் நடக்க எத்தினி நாளு?"

"ரெண்டாயிரம் நாளுப்பா. மில்லு லீவு போவ பாத்தா ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"அட, அவ்வளோதானா? ஏழு வருஷம் வேலைக்குப் போனா எம் பொண்ணு வூட்டு வாசலுக்குப் போயிடலாம்" என்று அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அம்மா மட்டும் அந்த நூலை எடுத்துச் சுருட்டித் திரும்பத் தையல் டப்பாவிலேயே போட்டுவிட்டாள்.

கிளம்புகிற நாள் சனிக்கிழமை. மாமா வீட்டில் ஒரு அம்பாசிடர் கார் பிடித்திருந்தார்கள். மாமாவின் அப்பா, அம்மா, தங்கச்சி, தாய்மாமன், இவர்களோடு அக்காவும் அப்பாவும். டிக்கி முழுக்கப் பெட்டி. காரில் அம்மாவுக்கு இடமில்லை. யாரும் இல்லையென்று சொல்லவில்லை, எல்லாரும் ஏறினார்கள், பார்த்தால் இடமில்லை. பெற்றவளுக்கு இடமில்லாமல் தாய்மாமனுக்கு என்ன இடம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் இடமில்லை என்கிற கோபமும் அதில் சேர்த்திதான். அம்மா, "வூட்டுல யாராவது இருக்கணும்ல, நீங்க போங்க" என்றாள். அக்கா காரில் இருந்து கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கார் நகர்ந்ததும் அம்மா நாலு அடி கூடவே நடந்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

பெட்டி ஏற்றும்போது நான் உள்ளே ஏறி இறங்கியதில் கழன்று, அக்கா உட்கார்ந்திருந்த சீட்டுக்குக் கீழே என் செருப்பு ஒன்று கிடந்து மெட்ராஸ் வரைக்கும் போய்வந்தது. நான் போகாத இடத்துக்கு என் செருப்பு போயிருக்கிறதே என்று அதன்மேலும் எனக்குப் பொறாமை. சரி, அது கிடக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் இருந்து ஒருவர் வெளியூர் கிளம்பிப் போனால், அவர் அங்கே போய் இறங்குகிற வரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாது. போனவரையே பெருக்கித் தள்ளினது மாதிரி ஆகிவிடும் என்பார்கள். கடலூருக்குப் போனால் இரண்டு மணி நேரம் துடைப்பத்தைத் தொடாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். மர்சேய்க்குப் போனால் எவ்வளவு நேரம் என்று எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? அம்மா அதற்கு என்னைத்தான் நம்பினாள்.

டிராவல்ஸ்காரர் ஒரு தாளில் எல்லாம் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். அதை நான் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அழகாகக் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஏறுவது, எத்தனை மணிக்கு இறங்குவது எல்லாம். கடைசி வரியில், மர்சேய், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை.

சனிக்கிழமை மதியத்தில் இருந்து வீடு அப்படியே கிடந்தது. வழியனுப்ப வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன வெற்றிலைக் காம்பு, மல்லிகைப் பூ, பெட்டி கட்டின சணல் துண்டு, அக்காவுக்கு இடித்துக் கொடுத்த மிளகாய்த் தூளின் நெடி. கால் வைத்தால் நறநறவென்றது. மெட்ராஸ் போன அப்பா ஞாயிறு காலையில் திரும்பி வந்து, "நல்லபடியா ஏறிட்டா, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கைய ஆட்டுனா" என்று சொல்லிவிட்டு அந்தக் குப்பைக்கு நடுவிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். எனக்கு அழுக்கு ஆகாது. பத்து மணியில் இருந்தே அம்மாவை நச்சரிக்க ஆரம்பித்தேன். அம்மா அசையவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு அது டங்கென்று ஒரு அடி அடித்தது.

"எறங்கிட்டாம்மா. பெருக்கு."

"நல்லா பாத்துச் சொல்லுடி. ஏரோபிளேனு லேட்டு கீட்டு ஆயிருந்தா?"

"அது என்ன நம்மூரு பஸ்ஸா? கரெக்டா போவும்மா."

"எறங்கி, மாப்ளையப் பாத்திருப்பாளா?"

"எறங்கிட்டா, பாத்துட்டா, கார்ல ஏறிட்டா. பெருக்கும்மா, நாத்தம் தாங்கல."

அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். மூலை மூலையாகப் பெருக்கினாள். அப்பாவை எழுப்பிப் பாயைத் தட்டினாள். எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் கொட்டிவிட்டு வந்தாள். "எம் பொண்ணு எறங்கிட்டா" என்று எதிர்வீட்டில் அவள் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. கணக்கு போட்டவள் நானென்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து முதல் கடிதம் வந்தது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன், ஏரோபிளேனில் வயிற்றைப் புரட்டியது, பக்கத்து சீட்டு வெள்ளைக்காரப் பாட்டி மிட்டாய் கொடுத்தாள், குளிர் தாங்கவில்லை, மாமா கம்பளிக் கோட்டு வாங்கி வைத்திருந்தார். 'இங்கே வாசல் என்று ஒன்றே இல்லை அம்மா, மூன்றாவது மாடி. பெருக்குவதற்குத் துடைப்பமும் இல்லை, தூசியை உறிஞ்சுகிற மிஷின் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அதைப் படிக்கச் சொல்லி அம்மா மூன்று தடவை கேட்டாள்.

இரண்டு வருஷம் போனது. ஒன்பதாம் வகுப்பில் புவியியல் டீச்சர் உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டே தீர்க்கரேகைப் பாடம் எடுத்தார். பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம். நமக்கு எண்பத்திரண்டரை. பிரான்சில் பதினைந்துக்கு உள்ள நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். கழித்தால் அறுபத்தேழரை. பதினைந்தால் வகுத்தால் நாலரை. வகுப்பில் முதலில் விடை சொன்னது நான்தான். "சபாஷ்" என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

டைப் அடித்த தாளில் இருந்த பதினொன்றரை, மர்சேயின் பதினொன்றரை. எங்கள் சுவர்க் கடிகாரத்தில் அப்போது சாயங்காலம் நாலு. அம்மா பெருக்கிக் குப்பையைத் தெருக்கோடியில் கொட்டிய நேரத்தில் அக்கா பாரீசுக்குக்கூடப் போகவில்லை. வானத்தில் இருந்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது. அக்காதான் நல்லபடியாகப் போய் இறங்கிவிட்டாளே, இதில் என்ன இருக்கிறது? அம்மாவிடம் சொல்ல வேண்டாமென்று மட்டும் தோன்றியது. அந்தப் புத்தி கடைசி வரைக்கும் இருந்திருந்தால் நான் மனுஷி.

அக்காவுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. கடிதத்தில் இரண்டு வரிதான் எழுதியிருந்தாள். அம்மா ஒரு வாரம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். அந்த வாரத்தில் ஒரு நாள் குழாயடியில் நான் கதை பேசிக்கொண்டே நிற்க, தண்ணீர் நின்றுபோனது. காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வேலைய நேரத்துக்குச் செய்ய துப்பு இருக்காடி ஒனக்கு? எதுலயும் ஒரு அக்கற கெடையாது. நானெல்லாம் ஒங்கக்கா போன அன்னிக்கு ஒரு நாளு பூரா தொடப்பத்தத் தொடாம, நேரம் பாத்து, சாமி கும்புட்டுப் பெருக்குனவ. அப்பிடி இருந்தும் அவளுக்கு ஏன் இப்பிடி ஆவணும்? ஏன் ஆவணும்?"

அவள் என்னைக் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பதினைந்து வயது, குடம் இடுப்பில், எதிர்வீட்டுக்காரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நேரம் பாத்துப் பெருக்குனியா? நல்லா பாத்த! நீ பெருக்குனப்ப அக்கா எறங்கவே இல்ல. அவ வானத்துல இருந்தா. அங்க மணி வேற, இங்க மணி வேற. தெரியுமா ஒனக்கு?"

சொல்லி முடித்தவுடனேயே வாயைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா கத்தவில்லை. அடிக்கவும் இல்லை.

"எங்க இருந்தா?" என்றாள்.

"பாரீசுக்கே போவல."

"அப்பறம் எப்ப எறங்குனா?"

"நாலு மணிக்கு."

"அப்ப எவ்ளோ நேரம்?"

"நாலரை மணி நேரம்மா."

அம்மா உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அடுப்பு மூட்டினாள், சோறு வடித்தாள், எங்களுக்குப் போட்டாள், அவள் மட்டும் சாப்பிடவில்லை. "நீதானே எறங்கிட்டான்னு சொன்ன" என்று ஒரு வார்த்தை கேட்பாள், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவள் கேட்கவே இல்லை. பாவி, நானாகவாவது போய் விழுந்திருக்கலாம். விழவில்லை.

மறுநாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "இப்ப அங்க எத்தினி மணி இருக்கும்?" சொன்னேன். "எப்பிடிக் கண்டுபுடிக்கறது, எனக்குச் சொல்லிக் குடு." சொல்லிக் கொடுத்தேன். அங்கத்து மணி தெரிய வேண்டுமென்றால் நம் மணியில் நாலரையைக் கழிக்க வேண்டும். நம் மணி தெரிய வேண்டுமென்றால் அங்கத்து மணியோடு நாலரையைச் சேர்க்க வேண்டும். அம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வலது கையை விரித்து நாலு விரலை மடக்கினாள். கட்டை விரலை முழுதாக மடக்காமல் பாதியில் நிறுத்தினாள். "இதானே நாலர?" என்றாள். "இதான்மா" என்றேன்.

அன்றையில் இருந்து அந்தக் கை மடங்கிக்கொண்டே இருந்தது. அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், கை மடங்கும், "ஒங்கக்கா இப்பத்தான் எந்திரிச்சிருப்பா" என்பாள். மாலையில் விளக்கேற்றிவிட்டு, "மத்தியான சோறு துன்றாளோ என்னமோ" என்பாள். வெயில் காலத்தில் அங்கே கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிடுவார்கள் என்று அக்கா ஒரு தடவை எழுதினாள். "அப்ப வெயில் காலத்துல ஒரு வெரலு கம்மி" என்று அம்மா யாருடைய உதவியும் இல்லாமல் சொன்னாள். ஒரு நாளும் அவள் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா ஊருக்கு வருகிறேன், வருகிறேன் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் எழுதினாள். ஒரு வருஷம் மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் அவரை ஆப்பிரிக்காவுக்கு மாற்றி, திரும்ப மர்சேய்க்கே கொண்டுவந்து போட்டார்கள். எண்பத்தைந்து பொங்கலுக்கு நிச்சயம் வருகிறோம் என்று எழுதியிருந்தாள். இந்தத் தடவை அம்பாசிடரில் யாருக்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, அம்மா முன் சீட்டில் உட்காருவாள் என்று நான் அப்பாவிடம் சண்டை போட்டே முடிவு செய்து வைத்திருந்தேன். அப்போது நான் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை விட்டு வருகிற வழியில் அக்காவுக்குப் பிடித்த கலர் வளையல் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன்.

மார்கழி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் தந்தி வந்தது. அப்பா மில்லுக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பிரித்தது நான். இங்கிலீஷில் இரண்டே வரி. மூளைக்காய்ச்சல். செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு.

அம்மா அடுப்பங்கரையில் இருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் அலறிய அலறலில் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் ஓடி வந்தது. யாரோ மில்லுக்கு ஓடினார்கள். நான் தந்தியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தலை வாரிவிட்டவள் போய்விட்டாள், நான் ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அழுது ஓய்ந்து, ஒரு நேரத்தில் அம்மா தவழ்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

"எத்தினி மணிக்குன்னு போட்டிருக்கு?"

"பகல் ஒரு மணி."

"அங்கத்து ஒரு மணியா?"

"ஆமாம்மா."

"அப்ப இங்க எத்தினி மணி?"

ஒன்றோடு நாலரையைச் சேர்த்தால் ஐந்தரை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. அந்த ஐந்தரை மணி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிகாரம் ஒரு அடி அடித்தது. விளக்கு வைப்பதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "காலத் தூக்குடி" என்றாள். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். துடைப்பம் என் காலுக்குக் கீழே போனது.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"காலைல எட்டரைம்மா" என்றேன். சேர்ப்பதற்குப் பதிலாகக் கழித்துச் சொன்னேன். வாழ்க்கையில் தெரிந்தே நான் தப்பாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான். "நீ அப்ப எனக்குச் சோறு கட்டிட்டு இருந்தம்மா. நேத்து எனக்கு டிபன் பாக்ஸ் மூடி கெடைக்காம ரெண்டு பேரும் தேடுனமே, அப்ப."

அம்மா இடது கையால் தந்தியை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

அதற்கப்புறம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரிடமும் அம்மா அதையே சொன்னாள். "இவளுக்குச் சோறு கட்டிட்டு இருந்தேன்க்கா. அந்நேரத்துக்குப் போயிருக்கா எம் பொண்ணு. எனக்குத் தெரியலியே." ஒவ்வொரு தடவை அவள் சொல்லும்போதும், நம்பிவிட்டாள், நம்பிவிட்டாள் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு ஆறுதல்தான் எனக்கு அந்த இரண்டு நாளும்.

மில்லில் இருந்து அப்பா ஓடி வந்தார். நடுவீட்டில் உட்கார்ந்தவர் முதலில் அழவே இல்லை. விரலைப் பார்த்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "ஏழு வருஷம்னு சொன்னியேடி. நடந்திருந்தாகூட இந்நேரம் அவ வூட்டுக்குக் கிட்ட போயிருப்பேனேடி. இன்னும் கொஞ்ச தூரந்தானேடி இருந்திருக்கும்" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

எங்களில் யாரும் போக வழியில்லை. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, ஒன்றுமில்லை. உடம்பை இங்கே கொண்டுவர முடியாதென்று மாமா தன் வீட்டுக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கேயே எடுக்கிறார்கள் என்று அவருடைய அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

சாவு விழுந்த வீட்டில் எடுக்கிற வரைக்கும் பெருக்க மாட்டார்கள். எடுத்த பிறகுதான் வீட்டைப் பெருக்கிக் கழுவிவிடுவார்கள். புதன்கிழமையில் இருந்து வந்தவர் போனவர் காலடி மண்ணெல்லாம் வீட்டுக்குள் கிடந்தது. வியாழக்கிழமை காலையில் சித்தி முறை ஆகிற ஒருத்தி துடைப்பத்தை எடுத்து, "பொணம் இல்லாத வூட்டுல என்னாக்கா கெடக்கு, நான் பெருக்கி வுட்டுடறேன்" என்றாள்.

அம்மா படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "வையி அத. இன்னும் எடுக்கல."

"மணி பத்தாயிடுச்சேக்கா."

"இங்கதான் பத்து" என்றாள் அம்மா.

எனக்குப் பகீரென்றது. இங்கத்து நேரம் எத்தனை என்று இப்போது அம்மா என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? முன்னே சொன்ன பொய்யின்படி போனால் பத்தில் நாலரையைக் கழித்து, விடியற்காலை ஐந்தரைக்கே எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன். அம்மா என்னைக் கூப்பிடவே இல்லை. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. வந்தவர்கள் சாப்பிடப் போனார்கள். மதியம் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா கடிகாரத்துக்குக் கீழே, நான் ஏழு வருஷத்துக்கு முன்னால் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் இருந்து வலது கையை எடுத்து மடிமேல் விரித்து வைத்தாள். நாலு விரலை மடக்கினாள். கட்டை விரலைப் பாதி மடக்கினாள்.

இரண்டரைக்குக் கடிகாரம் ஒரு அடி அடித்தது.

"எடுத்துட்டாங்க" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். மூலையில் இருந்து ஆரம்பித்தாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தோடு நாலரை சேர்ந்தால் இரண்டரை என்று தெரிந்தவளுக்கு, ஒன்றோடு நாலரை சேர்ந்தால் என்ன என்று தெரியாதா? புதன்கிழமை அவள் என்னைக் கேட்டபோதே முந்தானைக்குள் அந்தக் கை மடங்கித்தான் இருந்திருக்கும். ஐந்தரை மணி என்று அவளுக்குத் தெரியும். அந்த ஐந்தரைக்குத் தன் கையில் என்ன இருந்தது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே அத்தனை பேரிடமும் எனக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

பெருக்கிக்கொண்டே என் கிட்டே வந்தாள். நான் நகர்ந்து வழி விட வேண்டும். அப்படியே உட்கார்ந்து அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். பதினைந்து வயதில் விழ வேண்டிய காலில் அன்றைக்குத்தான் விழுந்தேன்.

"அன்னிக்கு எறங்கிட்டான்னு நாந்தாம்மா சொன்னேன். நாந்தான் ஒன்னப் பெருக்கச் சொன்னேன்" என்றேன்.

அம்மா துடைப்பத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை என் தலையில் வைத்தாள்.

"நீ அப்ப சின்னப்புள்ளடி" என்றாள். அப்புறம், "எந்திரி. தண்ணி மொண்டாந்து ஊத்து, கழுவி வுட்டுடலாம்" என்றாள்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினேன்.